கைகட்டி அக்காவும் முதலாண்டு மாணவியும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் கணினி உதவி மையம் என்று ஒன்று உண்டு. நூலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க வருவார்கள். மீதிப் பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருவார்கள். முதல் வகையினரை எனக்குப் பிடிக்கும். சொன்னதும் போய்விடுவார்கள்.

நான் பின்னறையில் உட்கார்ந்து மாணவர்களின் மடிக்கணினிகளைப் பிரித்துச் சரிசெய்கிறவன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் திருப்புளி. கையில் எப்போதும் அதுதான் இருக்கும் என்பதால். முகத்துக்கு நேரே 'திருப்புளி சார்' என்பார்கள். அந்த 'சார்' மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ கைகலப்பாகியிருக்கும். ஒரு மடிக்கணினியின் கீழ்மூடியைக் கழற்றினால், அதன் சொந்தக்காரர் எதையெல்லாம் தின்றுகொண்டே படிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மனித இனத்தின்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அப்படித்தான் போயிற்று.

முன்மேசையில் இருப்பவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளை எல்லோரும் கைகட்டி அக்கா என்பார்கள். யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் மேசையைச் சுற்றி எழுந்து வருவாள், அவர்கள் தோளுக்குப் பக்கத்தில் நிற்பாள், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வாள். அவ்வளவுதான். வாய் மட்டும் வேலை செய்யும். அடுத்தவர் விசைப்பலகையை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. பாஸ்வேர்ட் அடிக்கச் சொன்னால் முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தச் சுவரில் எந்த இடத்தில் சுண்ணாம்பு உப்பியிருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

"நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க அக்கா," என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள்.

"குடுத்துடுவேன். அப்புறம் நாளைக்கு?"

"நாளைக்கும் வர்றேன்."

"அதுக்குத்தான் குடுக்க மாட்டேன்."

அவள் இங்கே வந்து சேர்ந்ததே வேடிக்கை. புது மாணவர்கள் சேருகிற பருவத்தில், அத்தனை பேருடைய கைபேசிகளையும் வைஃபையில் இணைத்துவிட ஆள் போதவில்லை என்று தற்காலிகமாக எடுத்தார்கள். பருவம் முடிந்தது. அவளைப் போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. பல நாள் கழித்து எங்கள் மேலாளர், "நீங்க இன்னும் இங்கேதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவரே தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள அவள் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டிலும் அதே தொழில்தான் என்பாள். மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில், இரண்டு மாடிக்கு இடையே நின்றுபோன லிஃப்ட் மாதிரி அசையாமல் நிற்பாராம். கதவையும் திறக்க மாட்டாராம்.

அந்த அம்மா, அதாவது கைகட்டி அக்காவின் மாமியார், ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயரமாக உள்ள சலவை இயந்திரங்களும், மலை மலையாகப் படுக்கை விரிப்புகளும், அவர் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து நிற்கிற வேலையாட்களுமாக வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் அவருடைய ஆட்சிக்கு மிஞ்சியது மூன்று பேர் துணியும் ஒரு மருமகளும்தான். பாவம், அத்தனை அதிகாரமும் எங்கே போகும்? மருமகள் மடித்து வைத்த துண்டைப் பிரித்து, "இது துண்டா, பொட்டலமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மடிப்பார். ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்றாக மடிந்து, மடிப்பு உள்பக்கம் போகவேண்டும். பாத்திரம் கழுவினால் பின்னாலேயே நிற்பார். விளக்கு, விசிறி, வைஃபை பெட்டி என்று எதுவாக இருந்தாலும், அறையை விட்டு வெளியே வந்தால் வரிசையாக அணைத்துக்கொண்டே வருவார். மகன் பாதிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதுதான் கதி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் காலையில் தேநீரோடு பின்னறைக்கு வந்து இதைத்தான் சொல்வாள். நான் மடிக்கணினியைக் குடைவேன், அவள் மாமியாரைக் குடைவாள். இரண்டிலும் தூசு வந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் தேநீர் இல்லாமல் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா, எங்க அத்தை காலேஜ்ல சேர்ந்துட்டாங்க."

"எந்தக் காலேஜ்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'உன் காலேஜ்தான், ஒரே பஸ்தானே'ன்னாங்க."

வயது வந்தவர்களுக்கென்று ஓர் ஏற்பாட்டில், வரலாறு படிக்க இடம் வாங்கிவிட்டிருந்தார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பாட்டு மேசையில் அறிவித்தாராம். அறிவித்த கையோடு ஒரு சபதமும் போட்டாராம். "ஒரு பேப்பர்ல போனாலும் அன்னைக்கே மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். இந்த வயசுல ஃபெயிலாகி நாலு பேர் சிரிக்கறதுக்கு நான் ஆளில்லை."

"வீட்லதான் அப்படின்னா, இங்கயுமா அண்ணா?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்காக அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மாமியார் முதல்முறை எங்கள் மையத்துக்கு வந்த அழகை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நல்ல கஞ்சி போட்ட புடவை, தோளில் புதுப் பை. டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பையனிடம், "அங்க நிக்கறது என் மருமக. ஆனாலும் வரிசையிலதான் வருவேன்," என்றார். அது அந்த அறை முழுவதற்கும் கேட்டது. சலவை இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது.

முறை வந்தது. கைபேசியை நீட்டினார். "இதுல வைஃபையைப் போட்டுக் குடும்மா."

அவள் எழுந்து வந்தாள். கைகள் பின்னால் போயின. "செட்டிங்ஸைத் தொடுங்க."

"நீயே போட்டுக் குடேன்."

"இங்கே யாருக்கும் நாங்க பண்ணித் தர்றதில்லைங்க."

அத்தை என்று சொல்லவில்லை, 'ங்க' என்றாள். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒரு விரலால், அவள் சொல்லச் சொல்ல, தானே போட்டுக்கொண்டார். "ம்" என்றார். போய்விட்டார். மறுநாள் அடுத்த சந்தேகத்தோடு மறுபடி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சில வாரங்களில் தேநீர்க் கதைகளின் சுருதி மாறிவிட்டது. "அண்ணா, நேத்து துண்டைச் சும்மா சுருட்டி வெச்சேன். பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. தொழிற்புரட்சியைப் படிச்சிட்டிருந்தாங்க." இன்னொரு நாள், "சமையல்கட்டுப் பக்கமே வரலை அண்ணா. பிரெஞ்சுக்காரங்க ராஜாவை என்ன பண்ணப் போறாங்கன்னு பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பாங்களாம்." தொழிற்புரட்சி வாழ்க, பிரெஞ்சுப் புரட்சி வாழ்க என்று நானும் சேர்ந்துகொண்டேன். காலையிலும் மாலையிலும் இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வருவார்கள். மின்னஞ்சலில் கோப்பு இணைப்பது எப்படி, பக்க எண் போடுவது எப்படி என்று வழி முழுக்கப் பாடம். அவள் அவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள்.

"இந்தப் படிப்பு நிக்கக் கூடாதுண்ணா. நின்னா முழுசா வீட்டுக்கு வந்துடுவாங்க. நான் செத்தேன்."

இனி எங்கள் கணினிக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முன்மேசைக்கு எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட நீண்ட அறை. வரிசையாகக் கணினிகள். யார் வேண்டுமானாலும் தங்கள் அட்டையைக் காட்டி உள்ளே போய் வேலை செய்யலாம். அந்தக் கணினிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை அணைத்துப் போட்டால் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று வரும். அதற்குமுன் அதில் யார் எதைச் சேமித்திருந்தாலும் ஒரு சொட்டு மிச்சமிருக்காது. இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாட்டுகளை ஏற்றியே அவற்றைக் கொன்றுவிடுவார்கள் என்று நாங்களே வைத்த ஏற்பாடு. 'இந்தக் கணினியில் சேமித்தது நிலைக்காது' என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறோம். அதை வாசித்த ஒரே ஆள், அதை ஒட்டியவர்தான்.

அன்று மாமியாருக்கு முதல் பெரிய கட்டுரை கொடுக்கவேண்டிய கடைசி நாள். மருத்துவமனைச் சலவையின் வரலாறு என்று அவரே தலைப்பைக் கேட்டு வாங்கியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து கையால் முழுவதும் எழுதி முடித்திருந்தார். அதைக் கணினியில் அடித்து, மாலை ஐந்து மணிக்குள் இணையப் பக்கத்தில் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் அந்தப் பேப்பர் போச்சு. காலையிலேயே கூடத்துக்கு வந்து கடைசி இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஒற்றை விரல்தான், ஆனால் விறகு பிளக்கிற விரல். ஒவ்வொரு எழுத்தும் என் பின்னறை வரை கேட்டது. அந்த விசைப்பலகைக்கு மாற்று எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதே கூடத்தின் முன்வரிசை முழுக்க இறுதியாண்டு மாணவர் கூட்டம் ஒன்று. ஊரில் பஸ்ஸில் போகிறவர்களை எல்லாம் மடக்கிக் கேள்வி கேட்டு, காகிதத்தில் குறித்து, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்கும் அன்று ஐந்து மணிதான் கெடு. காலை முழுக்க அந்தப் பதில்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண் அவர்களை விரட்டி வேலை வாங்கினாள். கேப்டன் என்று கூப்பிட்டார்கள். மதியம் திரைகளைப் பூட்டிவிட்டு, காகிதக் கட்டுகளை மேசைக்கடியில் வைத்துவிட்டு, எல்லோருமாகச் சாப்பிடப் போனார்கள். அந்த நேரம் முன்மேசையும் காலி, கைகட்டி அக்கா என் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் கூடத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. நான் திருப்புளியைப் போட்டுவிட்டு ஓடினேன். கைகட்டி அக்கா எனக்கு முன்னால் ஓடினாள்.

அத்தனை கணினிகளும் அணைந்திருந்தன. பதறிப்போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் குளித்து முழுகிப் பளிச்சென்று எழுந்து வந்தன. காலை முழுக்க உழைத்த உழைப்பு துளிகூட இல்லை. ஒரு பையன் பேயறைந்ததுபோல் நின்றான். இன்னொருவன் சுவரில் இருந்த எச்சரிக்கையை முதல்முறையாக வாசித்துக்கொண்டிருந்தான்.

நான் கவனித்தது வேறு. நாற்காலிகள் எல்லாம் மேசைக்குள் ஒரே அளவாகத் தள்ளப்பட்டிருந்தன. விசைப்பலகைகள் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. ஒவ்வொரு மவுஸின் வயரும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, மூன்றாக மடித்து, மடிப்பு உள்பக்கமாக வைக்கப்பட்டிருந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் அந்த வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா..." என்றாள் மெதுவாக.

"வாயைத் திறக்காதே," என்றேன் நானும் மெதுவாக. என் புத்தி அவ்வளவுதான். கூடத்துக் கேமரா வேலை செய்து பல காலமாயிற்று. யாருக்கும் தெரியப் போவதில்லை.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். அடுத்தவர் கணினியை அணைத்தால் அந்தப் பருவம் முழுக்க அட்டையை முடக்கவேண்டும் என்பது விதி. யார் பார்த்தது, யார் உள்ளே இருந்தது என்று விசாரணை ஆரம்பமானது. கேப்டன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண்ணாடி போட்ட பெண்ணைச் சுட்டிக் காட்டினாள்.

"அவதான் சார். போன வாரம் சண்டை போட்டுட்டு எங்க குரூப்பை விட்டுப் போனா. நாங்க சாப்பிடப் போறப்ப இங்கேதான் சுத்திட்டிருந்தா."

"நான் குடையை எடுக்க வந்தேன்!" என்றாள் கண்ணாடிக்காரி. "சத்தியமா எதையும் தொடலை சார்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அழுதால் தப்பு செய்தவர் என்று நினைக்கிற ஜாதி எங்கள் மேலாளர். அவள் அட்டையைக் கேட்டு வாங்கி, கைகட்டி அக்காவிடம் நீட்டினார்.

"ப்ளாக் பண்ணிடுங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். அட்டையைப் பார்த்தாள். அழுகிற பெண்ணைப் பார்த்தாள். அந்தச் சில நொடிகளில் அவள் மனதில் என்னென்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். துண்டுகள் ஓடியிருக்கும், பாத்திரங்கள் ஓடியிருக்கும், வீட்டில் இனி வரப்போகிற ஒவ்வொரு நாளும் ஓடியிருக்கும். பிறகு அட்டையை அந்தப் பெண்ணின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இவ இல்லை சார். யாருன்னு எனக்குத் தெரியும். போய்க் கூட்டிட்டு வர்றேன்."

கூட்டிவர வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே மாமியார் உள்ளே வந்தார். எரிகிற திரைகளைப் பார்த்ததும் இடுப்பில் கை போனது.

"யாரு எல்லாத்தையும் மறுபடி போட்டது? இப்பதான் ஒவ்வொண்ணா அணைச்சிட்டுப் போனேன். ஆளில்லாத ரூம்ல இத்தனை மெஷினும் ஓடினா என்ன அர்த்தம்?"

கேப்டன் கண்ணாடிக்காரியைச் சுட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"அத்தை," என்றாள் அவள். "நீங்கதானே அணைச்சீங்க?"

"ஆமா. கடைசியாப் போறவங்கதான் எல்லா மெஷினையும் அணைச்சிட்டுப் போகணும். நாங்க ஒருநாள் அணைக்காமப் போய் ஒரு வார்டுக்கான விரிப்பே கருகிப் போச்சு. உனக்குச் சொல்லியிருக்கேனே."

"இதை அணைச்சா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும் அத்தை."

"நான் சேமிச்சிட்டுத்தான் அணைச்சேன்."

"சேமிச்சாலும் அழிஞ்சிடும்."

"அப்ப எதுக்குச் சேமிக்கட்டுமான்னு அது கேக்குது?"

மேலாளர் தன் காலணியைப் பார்த்தார்.

மாமியார் ஒருமுறை அந்த வரிசையைப் பார்த்தார். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "என்னுதுமா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களுதும்தான்."

ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உருவம் சட்டென்று சுருங்கிப்போனது போலிருந்தது எனக்கு. அது கொஞ்ச நேரம்தான். எழுந்து நேராகக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் போனார். "நான் பண்ணினதுக்கு உன்னை அழ வெச்சுட்டாங்க. மன்னிச்சுக்கோம்மா," என்றார். பிறகு கேப்டன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேப்பர் எல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி. ஆனா திரும்ப முதல்லேருந்து..."

"எடு. நான் படிக்கறேன், நீங்க அடிங்க. ஆளுக்கு ஒரு பிரிவு. அழுத ஆளும் வந்து உக்காரு, கை குறையுது. எங்க சலவைல கறையோட ஒரு லோடு வெளிய வந்தா, அதைப் போட்டவதான் நின்னு மறுபடி துவைப்பா."

கண்ணாடிக்காரி கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அதன்பிறகு நடந்ததைக் கட்டடமே கேட்டது. "பெண், நடுத்தர வயசு, தினமும் ரெண்டு பஸ் மாறணும், உக்கார இடமே கிடைக்கறதில்லை! அடிச்சாச்சா? அடுத்து, ஆண், மாணவர், பஸ் லேட்டு, டிரைவர் நல்லவர்! அடுத்து!" மேல்மாடி வாசிப்பறையிலிருந்து நூலகர் இறங்கிவந்து, சத்தம் என்று சொல்ல வாயெடுத்து, உள்ளே பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அவருக்கும் உயிர்மேல் ஆசை இருக்கும்.

கைகட்டி அக்காவுக்கு மேசையில் இருப்புக் கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் கூடத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன், என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"அத்தை, உங்க கட்டுரை. இப்ப உக்காந்தாதான் முடிக்க முடியும்."

"என் துணி அப்புறம். முதல்ல அடுத்தவங்க துணி."

"அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க அத்தை."

"தெரியும்."

அவள் மாமியாரின் பையைப் பார்த்தாள். கையால் எழுதிய காகிதங்கள் அதிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அப்போதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பின்னால் கட்டியிருந்த கைகள் முன்னால் வந்தன.

"குடுங்க. நான் அடிச்சுத் தர்றேன். எனக்கு ரொம்ப நேரம் ஆகாது."

மாமியார் படிப்பதை நிறுத்தினார். "நீ யாருக்கும் பண்ணித் தர்றதில்லையே?"

"இன்னைக்கு ஒருநாள் அத்தை."

"வேண்டாம்மா." குரல் இறங்கியிருந்தது. "அடிக்க அடிக்க அங்கங்கே மாத்துவேன். அதை நான்தான் பண்ணணும். நீ போய் உன் மேசையைப் பாரு." காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "அடுத்து!"

பிள்ளைகளின் வேலை முடிந்து, கேப்டன் பொத்தானை அழுத்தியபோது ஐந்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. கூடமே ஆர்ப்பரித்தது. ஆன்ட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கூத்தாடாத குறை. அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போனார். தலைப்பையும் முதல் பத்தியையும் அடித்தார். இரண்டாவது பத்தியில் இருக்கும்போது ஐந்து மணியாகி, கட்டுரை ஏற்றும் இணையப் பக்கத்தில் இருந்த பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. அதன்மேல் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்னறைக்கு வந்துவிட்டேன். அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தூசு.

கொஞ்ச நேரத்தில் முன்மேசையில் குரல் கேட்டது. மேலாளர் நெளிந்துகொண்டிருந்தார்.

"பரவாயில்லைங்கம்மா. தெரியாமப் பண்ணிட்டீங்க. பெரியவங்க. விட்டுடலாம். உங்க வாத்தியாருக்கும் நான் ஒரு வார்த்தை சொல்றேன்."

"அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட உடனே கார்டைக் கேட்டீங்கல்ல?" என்றார் மாமியார். "என்கிட்டயும் கேளுங்க." கேட்பதற்கு முன்பே தன் அட்டையை மேசைமேல் வைத்தார். மேலாளருக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். அவள் அட்டை எண்ணைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, மூட்டை கட்டப் போறீங்களா?"

"எந்த மூட்டை?"

"ஒரு பேப்பர்ல போனாலும் வீட்டுக்கு வந்துடுவேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்ப ஃபெயிலானா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இப்பதான் கேப்டன் பொண்ணுகிட்ட விசாரிச்சேன். அந்தப் பேப்பரை அடுத்த வருஷம் மறுபடி உக்காந்து படிக்கணுமாம். படிப்பே ஒரு வருஷம் நீண்டுடுமாம்."

"அதனால?"

மாமியார் மேசைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார். அந்தக் குரலை அவர் அவ்வளவு தாழ்த்தி நான் கேட்டது அன்றுதான். கதவிடுக்கில் காதை வைத்திருந்ததால் கேட்டது.

"நான் இங்கே எதுக்கு வந்தேன்னு நினைக்கறே? ராஜாங்க கதையைப் படிக்கவா? ரிட்டயர் ஆனதுலேருந்து நாள் பூரா உன்னைக் கரிச்சுக் கொட்டறதைத் தவிர எனக்கு வேற வேலையில்லை. காலைல எழுந்திருக்கறப்பவே இன்னைக்கு ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு நினைப்பேன். அந்தத் துணியைப் பார்த்ததும் வாய் வந்துடும். எனக்கே என்னைப் பிடிக்கலை. அதான் வீட்டை விட்டு வெளிய வந்தேன். இன்னும் ஒரு வருஷம் கிடைக்குதுன்னா விடுவேனா?"

அவள் அழுதாள். மறைக்கவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா அத்தை? நீங்க வீட்ல இருக்கக் கூடாதுன்னுதான் பஸ்ல உங்களுக்கு அத்தனையும் சொல்லிக் குடுத்தேன். நீங்க படிக்கணும்னு இல்லை."

"தெரியும்மா. காலைல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்த மருமக மாமியாரை அந்த விரட்டு விரட்டுவா?"

"ஆனா இன்னைக்கு நீங்க அந்தப் பட்டனை மறுபடி அழுத்திப் பார்த்தீங்கல்ல..." அவள் பார்வை கூடத்துப் பக்கம் போனது. "நானே ஃபெயிலான மாதிரி இருந்துச்சு."

மாமியார் புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப ரெண்டு பேருமா அடுத்த வருஷம் பாஸாகலாம். இதை ப்ளாக் பண்ணிட்டுக் கிளம்பு, பஸ் போயிடும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, விதிப்படி, முடக்கினாள்.